மணியும் குழலும்: யாக்கோப் வான் ஐக்கின் வாழ்க்கை

ஒல்லாந்தர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நெஞ்சில் எழுவன கோட்டையும் தோம்பும் தேசவழமைச் சட்டமுமே. 1658 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, 1795 வரை அதனை ஆண்ட அம்மக்களை வணிகராகவும் வரி அறவிட்டோராகவும் நாம் அறிவோம். அவர்களுக்கும் மாலைப்பொழுது இருந்தது, அப்பொழுதிலே அவர்கள் கேட்டு மகிழ்ந்த இசையும் இருந்தது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடிப்பதற்கு முந்திய ஆண்டில், அவர்தம் தாயகத்து நகரமாகிய உத்திரெக்டிலே முதியவர் ஒருவர் கண்மூடினார். கண்மூடினார் என்பது வழக்குப்பற்றிய சொல்லேயன்றி வேறில்லை. பிறந்த நாள் முதலாக அவர் கண்கள் ஒளியைக் கண்டதே இல்லை. அவருடைய பெயர் யாக்கோப் வான் ஐக். மணி அடிப்பது அவருக்கு உத்தியோகம். குழல் ஊதுவது அவருக்கு உயிர். அவருடைய வரலாற்றை ஈழத்துத் தமிழ் ஆசிரியன் ஒருவன் எழுத முற்படுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. அது நான் பட்ட கடன். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

1590 ஆம் ஆண்டை அண்டி, ஹொய்ஸ்டன் என்னும் சிறு கோட்டை நகரிலே, உயர்குடி ஒன்றில் யாக்கோப் பிறந்தார். அக்காலம் போர்க்காலம். இஸ்பானிய மன்னரின் ஆட்சியை எதிர்த்து ஒல்லாந்து மாகாணங்கள் 1568 இல் தொடங்கிய போர் 1648 வரை எண்பது ஆண்டுகள் நீடித்தது. உயர்குடிப் பிள்ளை ஒருவனுக்கு அந்நாளில் திறந்திருந்த வாயில்கள் இரண்டு: ஒன்று படை, மற்றொன்று அரசாங்கப் பதவி. பிறவிக் குருடராகிய யாக்கோப்புக்கு இரண்டும் அடைபட்டிருந்தன. வீட்டின் ஒரு மூலையில் இருத்தி உணவூட்டிக் காப்பாற்றப்பட வேண்டிய பிள்ளை என்று ஊரார் எண்ணியிருந்தாலும் வியப்பில்லை. ஆனால் அந்நாட்டின் காற்றிலே எப்பொழுதும் ஒரு செல்வம் மிதந்துகொண்டிருந்தது. அதனைப் பெறுவதற்குக் கண் வேண்டியதில்லை. அதுவே மணியோசை.

நம் நாட்டுக் கோவில்களிலே ஒரு கண்டாமணியின் நாதம் ஊரையெல்லாம் எழுப்பும். ஒல்லாந்திலும் அதன் அயல்நாடுகளிலுமோ, ஒரே கோபுரத்தில் சிறிதும் பெரிதுமாகப் பல மணிகளைத் தொங்கவிட்டு, அவற்றைக் கொண்டு பாட்டு முழுவதையும் இசைக்கும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு மணியின் நாக்கிலிருந்தும் கம்பி ஒன்று கீழே இறங்கி வரும். அக்கம்பிகள் மரக்கட்டைகளாலான ஒரு பலகையிலே வரிசையாக வந்து முடியும். இசைப்பவர் அதன் முன் அமர்ந்து, மரக்கட்டைகளைக் கைமுட்டியால் அடித்தும், பெரிய மணிகளுக்குரிய கட்டைகளைக் காலால் மிதித்தும் பாட்டை எழுப்புவார். விரலுக்கு மென்மையும் கைக்கு வலிமையும் காதுக்குக் கூர்மையும் வேண்டும் தொழில் அது. கீழே தெருவிலே போவோர் எவரும் அவரைக் காண்பதில்லை. அவருடைய இசையைக் கேளாதோரும் இல்லை.

1625 ஆம் ஆண்டில் உத்திரெக்ட் நகரத்துத் தோம் தேவாலயக் கோபுரத்தின் மணியிசைஞராக யாக்கோப் நியமனம் பெற்றார். தோம் கோபுரம் ஏறத்தாழ 112 மீற்றர் உயரமுடையது. அந்நாட்டுத் தேவாலயக் கோபுரங்களில் அதனினும் உயர்ந்தது இல்லை. சுழன்று சுழன்று மேலேறும் நூற்றுக்கணக்கான படிகளைக் கொண்டது. பகலிலும் இருள் சூழ்ந்த அந்தப் படிக்கட்டிலே கண்ணுடையோர் விளக்கேந்தித் தடுமாறி ஏறியிருப்பர். யாக்கோப்புக்கு இருளும் பகலும் ஒன்றே. மூன்று ஆண்டுகள் கழிந்து 1628 இல் நகரத்து மணிகள் அனைத்தையும் மேற்பார்வை செய்யும் பொறுப்பும் அவரிடம் வந்தது. காலப்போக்கிலே தூய யோவான் தேவாலயம், தூய யாக்கோபு தேவாலயம், நகர மண்டபம் ஆகியவற்றின் மணிகளும் அவர் கைக்கு வந்தன. ஒரு நகரம் தன் குரல் முழுவதையும் கண்ணற்ற ஒருவரிடம் ஒப்படைத்தது. இஃது இரக்கத்தினால் நிகழ்ந்தது அன்று. அவரினும் தகுதியுடையார் ஒருவர் கிடையார் என்ற தெளிவினால் நிகழ்ந்தது.

அத்தகுதி யாது என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஒரு மணியை அடித்தால் எழுவது ஒரே ஒலி என்று நாம் நினைக்கிறோம். அது பிழை. நன்கு வார்க்கப்பட்ட மணி ஒன்றிலே பல ஒலிகள் ஒருங்கே எழுகின்றன. நம் சங்கீத முறையிற் சொல்வதாயின், அடித்தவுடன் நாம் மணியின் சுருதியெனக் கொள்ளும் ஷட்ஜம் ஒன்று, அதற்குக் கீழ் ஸ்தாயியிலே நெடுநேரம் முரலும் ஷட்ஜம் ஒன்று, மேலே சாதாரண காந்தாரம் ஒன்று, பஞ்சமம் ஒன்று, மேல் ஸ்தாயி ஷட்ஜம் ஒன்று. இவ்வைந்தும் தம்முள் இணங்கினால் மணி இனிக்கும். ஒன்று பிறழ்ந்தாலும் மணி கலங்கி ஒலிக்கும். அக்காலத்து மணி வார்ப்போர் இதனைச் செவ்வையாக அறிந்தாரல்லர். வார்த்த மணி இனித்தால் அதிர்ஷ்டம், கலங்கினால் துரதிர்ஷ்டம் என்ற நிலையே இருந்தது.

யாக்கோப் அவ்வொலிகளைத் தனித்தனியே பிரித்துக் கேட்டார். கேட்டதோடு அமையாமல், மணியைத் தொடாமலே அதன் உள்ளொலிகளை ஒவ்வொன்றாக எழுப்பியும் காட்டினார். மணியின் அருகே நின்று, ஓர் உள்ளொலியின் சுருதிக்குச் சரியாக வாயாற் சீழ்க்கை ஒலி எழுப்புவார். மணி அவ்வொலியை மட்டும் திருப்பி முரலும். ஒரு வீணையின் தந்தியை மீட்ட, அதே சுருதியில் நிற்கும் அடுத்த வீணையின் தந்தி தானே அதிர்வதை நாம் கண்டிருக்கிறோம். அனுநாதம் எனப்படும் அவ்வியல்பையே அவர் மணியை ஆராயும் கருவியாகக் கொண்டார். அது மட்டுமோ! மணியின் எவ்விடத்துத் தடிப்பும் எவ்விடத்து வளைவும் எவ்வொலியை ஏற்றும் அல்லது இறக்கும் என்பதையும் அவர் தேர்ந்து தெளிந்தார். இச்செய்தி அறிஞர் உலகில் விரைந்து பரவியது. டோர்ட்றெக்ட் நகரத்து இலத்தீன் பாடசாலைத் தலைவரும் இயற்கை விஞ்ஞானியுமாகிய ஐசாக் பேக்மன் தமது நாட்குறிப்பிலே இதனைப் பொறித்து வைத்தார். அந்நாளில் ஒல்லாந்திலே வாழ்ந்த பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட், 1638 இல் பாரிசிலிருந்த தம் நண்பர் மேர்சென் பாதிரியாருக்கு எழுதிய கடிதத்திலே, உத்திரெக்டின் குருட்டு இசைஞரைப் பற்றிக் குறிப்பிட்டார். ஐயத்தையே மெய்யறிவின் வாயிலாகக் கொண்ட அப்பேரறிஞரும் ஐயுறாது வியந்த காது அது.

கேட்டவர் அறிந்தால் மட்டும் போதாது. செய்பவர் கையும் வேண்டும். லொறேன் நாட்டிலிருந்து வந்த பிரான்சுவா ஹெமொனி, பீற்றர் ஹெமொனி என்னும் சகோதரர் இருவர் மணி வார்க்கும் தொழில் வல்லவர்கள். யாக்கோப்பின் செவியறிவும் அவர்தம் கைத்திறனும் கூடின. வார்த்த மணியைச் சுழலும் பொறியில் ஏற்றி, உட்புறத்திலே உரிய இடத்தில் உரிய அளவு வெண்கலத்தைச் சீவி, ஐந்து ஒலிகளும் இணங்கும்வரை திருத்தும் முறை பிறந்தது. 1644 ஆம் ஆண்டில் சுட்பென் நகரத்துக் கோபுரத்திற்கு அச்சகோதரர் செய்தளித்த மணிவரிசையே செவ்வனே சுருதி சேர்க்கப்பட்ட முதலாவது மணிவரிசை என்பர். பீற்றர் ஹெமொனி 1680 இல் இறந்த பின்னர் அக்கலை மெல்ல மறைந்தது. இங்கிலாந்திலே மீண்டும் அதனைக் கண்டுபிடிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை உலகம் காத்திருக்க நேர்ந்தது.

இனிக் குழலுக்கு வருவோம். யாக்கோப் ஊதியது நம் புல்லாங்குழல் போலப் பக்கவாட்டிற் பிடிக்கும் குழல் அன்று. றெக்கோடர் என்று நம் பாடசாலைகளில் மேனாட்டுச் சங்கீதம் பயிலும் சிறுவர் கையில் இன்று காணப்படுகிறதே, அதன் முன்னோர். நேராகப் பிடித்து வாயில் வைத்து ஊதுவது. அதன் வாய்ப்பகுதியிலே கட்டை ஒன்று செருகப்பட்டு, மூச்சுச் செல்வதற்கு ஒடுங்கிய வழி ஒன்று மட்டும் விடப்பட்டிருக்கும். அவ்வழியே செல்லும் காற்று கூரிய விளிம்பு ஒன்றில் மோதி நாதமாகிறது. முன்புறம் ஏழு துளைகள். பின்புறம் பெருவிரலுக்கு ஒரு துளை. பெருவிரலைச் சற்றே விலக்கினால் மேல் ஸ்தாயி பேசும். ஊதினால் உடனே ஒலிப்பதாகையால் இதனை எளிய கருவி என்று எண்ணுவோர் பலர். ஒலிப்பித்தல் எளிது, பேசுவிப்பது அரிது. மூச்சைச் சற்று மிகுத்தால் சுருதி ஏறும்; சற்றுக் குறைத்தால் இறங்கும். உணர்ச்சியைக் காட்ட உரத்து ஊதவும் மெலிந்து ஊதவும் இயலாத கருவியிலே, நாவின் தட்டலாலும் விரலின் விரைவாலும் மட்டுமே உள்ளத்தைக் காட்ட வேண்டும்.

தூய யோவான் தேவாலயத்தைச் சுற்றி மரநிழல் சூழ்ந்த முற்றம் ஒன்று இருந்தது. மாலை வேளைகளிலே நகரமாந்தர் அங்கே உலாவுவர். மணிக்கோபுரத்திலிருந்து இறங்கி வந்த யாக்கோப் தம் சிறு குழலை அங்கே ஊதுவார். 1649 ஆம் ஆண்டில் அத்தேவாலயத்து நிருவாகத்தார் அவருடைய சம்பளத்தை 80 கில்டரிலிருந்து 100 கில்டராக உயர்த்தினர். அவ்வுயர்வுக்கு நிபந்தனை ஒன்று விதித்தனர்: முற்றத்தில் உலாவும் மக்களை மாலைதோறும் இல்லாவிடினும் இடையிடையே தம் குழலோசையால் அவர் மகிழ்விக்க வேண்டும். ஒரு நிருவாகம் விதித்த நிபந்தனைகளுள் இதனினும் இனியது ஒன்றை நான் அறிந்ததில்லை.

இதன் அருமை விளங்கவேண்டுமாயின் அந்நாட்டுச் சமய நிலையையும் அறிதல் வேண்டும். சீர்திருத்தத் திருச்சபையின் போதகர் பலர், வழிபாட்டின்போது ஓகன் போன்ற வாத்தியங்களை இசைத்தல் தகாது என்ற கருத்தினர். சங்கீதங்கள் துணையிசை இன்றியே பாடப்பட்டன. கவிஞரும் அரசகாரியத்தரும் யாக்கோப்பின் தூரத்து உறவினருமாகிய கொன்ஸ்தந்தைன் ஹைகன்ஸ், தேவாலயத்திலே ஓகனுக்கு இடமளிக்க வேண்டும் என்று வாதித்து 1641 இல் நூலொன்றே எழுத நேர்ந்தது. ஒளியின் இயல்பை ஆராய்ந்த விஞ்ஞானி கிறித்தியான் ஹைகன்சின் தந்தையார் இவரே. இவ்வாறு தேவாலயத்தின் உள்ளே வாத்தியத்துக்கு வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், வாயிலுக்கு வெளியே, அதே தேவாலயத்தின் சம்பளத்தில், ஒரு குழல் தடையின்றிப் பாடிக்கொண்டிருந்தது.

அது பாடியவை யாவை? திருச்சபைச் சங்கீதங்களின் மெட்டுக்கள் ஒருபுறம். தெருவில் எல்லோரும் பாடிய காதற்பாட்டுக்களும் கூத்துமெட்டுக்களும் மறுபுறம். இங்கிலாந்து வித்துவான் யோன் டௌலண்ட் இயற்றிய புகழ்பெற்ற கண்ணீர்ப் பாடலின் மெட்டும், இத்தாலியராகிய கச்சினியின் அமரில்லிப் பாடலும், ஆங்கில இராக்குருவி என்ற பெயருடைய மெட்டும் அவருடைய குழலில் வாழ்ந்தன. முதலில் மெட்டை எளிய உருவிலே ஊதுவார். பின்னர் அதன் நெடிய சுரங்களை இரண்டாக, நான்காக, எட்டாக உடைத்து ஊதுவார். உடைத்தல் என்றே அம்முறைக்கு அவர் மொழியிற் பெயர். நம் வித்துவான்கள் பல்லவியின் ஓரடிக்குச் சங்கதிமேற் சங்கதி சேர்ப்பதை நினைத்துக்கொள்க. ஒவ்வொரு சங்கதியும் முன்னையதினும் நெருங்கி வரும். எனினும் அடியில் ஓடும் மெட்டைக் கேட்பவர் இழப்பதில்லை. துணைக்கு மத்தளம் இல்லை, தம்புரா இல்லை. ஒற்றைக் குழல் தானே பாடி, மேலே ஒரு சுரமும் கீழே ஒரு சுரமுமாகத் தாவித் தானே எதிர்ப்பாட்டும் பாடும். மணி ஒன்றினுள்ளே ஐந்து ஒலிகளைக் கேட்ட அதே காதுதான், மெட்டு ஒன்றினுள்ளே பல மெட்டுக்களைக் கேட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இவற்றை நூலாக்க விரும்பினார் அம்ஸ்ரர்டாம் நகரத்துப் பதிப்பாளர் பவுலுஸ் மத்தைஸ். 1644 இல் கலைத்தெய்வம் ஒன்றின் பெயரால் முதற்பாகம் வெளிவந்தது. 1646 இல் இரண்டாம் பாகம் வந்தது. 1649 இல் முதற்பாகம் விரிவுபெற்று மீண்டும் வந்தது. குழலின் இன்பப் பூங்கா என்று பொருள்படும் பெயரை அந்நூல் தாங்கியது. ஹைகன்சுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. ஏறத்தாழ நூற்றைம்பது உருப்படிகளைக் கொண்ட அந்நூலைப்போல, துணையற்ற ஒற்றை ஊதுகருவிக்கென்று ஒரே ஆசிரியர் இயற்றி வெளியிட்ட பெருநூல் ஐரோப்பிய இசையில் வேறொன்று இல்லை எனலாம். அவர் சொல்லச் சொல்ல அல்லது ஊத ஊதப் பிறர் கேட்டு எழுதியதே அந்நூல். அதன் ஒரு சுரத்தையேனும் அதன் ஆசிரியர் தம் கண்ணாற் கண்டதில்லை.

இவ்விடத்திலேதான் நான் என் கடனைச் சொல்ல வேண்டும்.

நான் இளம் ஆசிரியனாக ஒரு கிராமப் பாடசாலையிற் கடமையாற்றிய காலத்தில், றெக்கோடர் குழு ஒன்றை அமைக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. சேர விரும்பி வந்த பிள்ளைகளுள் கண்பார்வையற்ற சிறுவன் ஒருவனும் இருந்தான். கரும்பலகையிலே சுரக்குறிகளை எழுதிக் கற்பிப்பதே எனக்குத் தெரிந்த ஒரே முறை. குறிகளைப் படிக்க இயலாதவன் குழலை எவ்வாறு பயில்வான் என்று எண்ணி, அவனை அன்பாகவே திருப்பி அனுப்பினேன். அன்பாக அனுப்பினேன் என்பதே பல ஆண்டுகள் எனக்கு ஆறுதலாயிருந்தது. அவன் முகம் வாடவில்லை; பழகிய ஒன்றைக் கேட்டவன் போலத் தலையசைத்துவிட்டுப் போனான். எங்கள் பாடசாலையிலே மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்று மரத்தில் தொங்கியது. பிறிதொரு நாள் அதன் அருகே அவன் நெடுநேரம் நிற்பதைக் கண்டு காரணம் வினாவினேன். இந்தச் சத்தத்துக்குள்ளே மெல்லிய வேறொரு சத்தமும் கேட்கிறது என்றும், அது பெரிய சத்தம் ஓய்ந்த பிறகும் ஓயாமல் நிற்கிறது என்றும் அவன் சொன்னான். பிள்ளைப் பேச்சென்று சிரித்துவிட்டு, வகுப்புக்குப் போகச் சொன்னேன்.

ஓய்வுபெற்ற பின்னர், மேனாட்டுச் சங்கீதம் பயின்ற நண்பர் ஒருவர் வீட்டிலே யாக்கோப்பின் உருப்படிகள் அடங்கிய இசைத்தட்டைக் கேட்டேன். பின்னர் அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். மணியின் உள்ளொலிகளைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது நூலை மூடி வைத்துவிட்டேன். தண்டவாளத்தின் அருகே நின்ற சிறுவன் என் கண்முன் வந்து நின்றான். டேக்கார்ட் கடிதம் எழுதத் தக்கதெனக் கருதிய ஓர் உண்மையை அவன் என்னிடம் சொன்னான், நான் சிரித்தேன். அவனுக்குக் கண் இல்லை என்பதை நான் அறிந்திருந்தேன். எனக்குக் காது இல்லை என்பதை அறிந்திருக்கவில்லை. ஊர்கள் இடம்பெயர்ந்த காலத்தின் பின் அவனைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டவேயில்லை.

யாக்கோப் வான் ஐக் 1657 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26 ஆம் திகதி உத்திரெக்டிலே காலமானார். அவருக்குப் பின் குழலுக்கும் நற்காலம் நீடிக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலே இசையரங்குகள் பெருத்தன. உரத்தும் மெலிந்தும் ஒலிக்கவல்ல பக்கவாட்டுக் குழல் முன்னே வந்தது. றெக்கோடர் மெல்ல மறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஆர்னல்ட் டொல்மெச் பழைய கருவிகளை ஆராய்ந்து, 1919 இல் அதனை மீண்டும் செய்யத் தொடங்கினார். பின்னர் அது பாடசாலைகளிலே புகுந்தது. மலிவான பிளாஸ்ரிக் உருவமும் பெற்றது. 1950களின் இறுதியில் யாக்கோப்பின் நூல் ஒல்லாந்திலே புதிதாகப் பதிப்பிக்கப்பட்டது. பிரான்ஸ் புறுகன் முதலிய வித்துவான்கள் அவ்வுருப்படிகளை அரங்கேற்றினர். இன்று உலகெங்கும் றெக்கோடரை முறையாகப் பயில்வோர் எவரும் அந்தப் பூங்காவில் ஒருமுறையேனும் உலாவாமற் செல்வதில்லை.

குழந்தைகளின் விளையாட்டுக் கருவி என்று சிலர் இகழும் அந்தச் சிறு குழலை ஒரு பெருங்கலைஞர் தம் வாழ்நாள் முழுவதும் நம்பியிருந்தார் என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. அதனினும் மேலாக, ஆசிரியராகிய நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. உத்திரெக்ட் நகரத்தார் யாக்கோப்புக்கு இயலாதது யாது என்று கேட்டு அவரை மதிப்பிடவில்லை. எழுத முடியாதவருக்கு எழுதுவோரை அமைத்தனர். வார்க்க முடியாதவருக்கு வார்ப்போர் வாய்த்தனர். கேட்கும் வேலையை மட்டும் அவரிடமே விட்டனர். நம் வகுப்பறைகளிலும் கரும்பலகையைப் படிக்க இயலாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த தவணையிலே குழற்குழு அமைக்கப்போகும் இளம் ஆசிரியர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், அப்பிள்ளையின் கையிலே முதலில் ஒரு குழலைக் கொடுங்கள். சுரக்குறிகளைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.